சுவரும் பெட்டியும்: ஊத்தங்கரை வீட்டுக்குள் வரும் மாடுலர் கிச்சன்

ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையிலும் திருப்பத்தூர் போகும் சாலையிலும் புதிதாக எழும் வீடுகளில், பூச்சு வேலை முடியும் கட்டத்தில் ஒரு பேச்சு வந்துவிடுகிறது. கிச்சனை மாடுலராகப் போட்டுவிடலாமா, இல்லை வழக்கம்போல் கடப்பா கல் நிறுத்திக் கதவு மட்டும் மாட்டிக்கொள்ளலாமா? பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கைபேசியில் படங்களாக அனுப்புகிறான். மேஸ்திரி தன் கணக்கைச் சொல்கிறார். கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ இருக்கும் கடைக்காரர் கணினியில் முப்பரிமாணப் படத்தைச் சுழற்றிக் காட்டுகிறார். அந்த அறையில் தினமும் நிற்கப்போகும் பெண்ணிடம் பெரும்பாலும் நிறம் எது வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடுலரா, கடப்பாவா என்ற கேள்வியைவிட, அதைப் பூச்சு முடிந்த பிறகு கேட்பதுதான் பெரிய கோளாறு. அளவெடுத்துச் செய்யும் சமையலறை நன்றாக அமைவதும் பாழாவதும் இரண்டு அளவுகளைப் பொறுத்தது. ஒன்று சமைப்பவரின் உடம்பு. மற்றது சுவரின் உண்மையான நிலை. பலகையின் பெயர், கீலின் பெயர், கடையின் பெயர் எல்லாம் இவற்றுக்குப் பிறகு வருபவை. இந்த ஊரின் சாப்பாடு, தண்ணீர், கல், கட்டட வேலை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

பொருத்திய சமையலறைக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு வீடில்லாமல் மக்கள் தவித்த ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் பெரிய அளவில் குடியிருப்புகள் கட்டப்பட்டன. அவற்றுக்கான சமையலறையை 1926-இல் வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான் இடம். ரயிலின் உணவுப் பெட்டியில் நின்ற இடத்திலிருந்தே சமைத்துத் தர முடிவதை அவர் கவனித்திருந்தார். வீட்டுப் பெண் சமையலுக்காக எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்குப் பார்த்து, அந்த நடை குறையும்படி அடுப்பையும் தொட்டியையும் மேசையையும் வரிசைப்படுத்தினார். அரிசி, மாவு, சர்க்கரைக்கு இழுத்தெடுக்கும் அலுமினிய அறைகள் வைத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை அமைந்தது. வெளியே வேலைக்கும் போகிற பெண்ணுக்கு வீட்டு வேலையின் சுமை குறைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். பின்னால் வந்த தொழில் அவருடைய பெட்டிகளை எடுத்துக்கொண்டது. நடையை எண்ணும் பழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டது.

ஐரோப்பியத் தொழிற்சாலைகள் பிறகு கொடுத்த ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். பெட்டியின் பக்கப் பலகையில் 32 மி.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள், கதவில் கீல் உட்காரும் வட்டக் குழி 35 மி.மீ. இந்த அளவுகள் பொதுவாகிவிட்டதால்தான் ஓசூரில் அறுத்த பலகையில் ஹெட்டிச், ஹேஃபலே, எப்கோ என்று எந்த நிறுவனத்தின் கீலையும் பூட்ட முடிகிறது. பத்து ஆண்டு கழித்து ஒரு கீல் உடைந்தால் அதே நிறுவனத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. உள்ளூர்ப் பட்டறையில் செய்யக் கொடுப்பவர்கள் இந்தத் துளைக் கணக்கைப் பின்பற்றச் சொல்லிக் கேட்பது நல்லது. செலவு ஏறாது, பழுது பார்ப்பது எளிதாகும்.

நம் பக்கத்தில் சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறியது பெரும்பாலும் கேஸ் அடுப்போடுதான். இண்டேன் சமையல் கேஸ் 1965-இல் வந்தது. சிற்றூர்களுக்கு அது பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அரசு இலவச கேஸ் இணைப்போடு அடுப்பு கொடுத்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. ஒரு தலைமுறைக்குள் இத்தனை பொருள்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. இவற்றுக்கு இடம் வைத்து எந்த வீடும் கட்டப்பட்டிருக்கவில்லை. கிரைண்டர் கூடத்து மூலையில் உட்கார்ந்தது. சிலிண்டர் கதவுக்குப் பின்னால் நின்றது. மிக்சி மேடையின் பாதியைப் பிடித்துக்கொண்டது. சிறு ஊர்களில் மாடுலர் கிச்சன் மீது இருக்கும் ஆசையைப் பகட்டு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல. பொருளுக்கு இடம் வேண்டும் என்ற நியாயமான தேவை அதன் அடியில் இருக்கிறது.

களியும் கிரைண்டரும் குடமும்

ஊத்தங்கரை இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் கேழ்வரகு விளையும் மண். களி கிண்டுவது தோளும் இடுப்பும் சேர்ந்து செய்யும் வேலை; பாத்திரம் நகராமல் இறுக்கிப் பிடித்து, துடுப்பை இரண்டு கையாலும் அழுத்திக் கிளற வேண்டும். மேடை 34 அங்குலம், அதன் மேல் அடுப்பு 5 அங்குலம், அதன் மேல் பாத்திரம் 9 அங்குலம் என்று வையுங்கள். பாத்திரத்தின் விளிம்பு தரையிலிருந்து 4 அடி உயரத்துக்குப் போய்விடுகிறது. 5 அடி உயரமுள்ள பெண்ணுக்கு அது தோள் உயரம். தோள் உயரத்தில் வைத்த பாத்திரத்துக்குள் எவரும் பலம் கொடுத்துக் கிளற முடியாது. புது வீட்டில் களி மட்டும் பின்புறத்து விறகடுப்புக்கே திரும்பிப் போவதற்கு ருசியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. மேடையின் உயரமும் ஒரு காரணம்.

இதற்கு வழி இருக்கிறது. அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் ஐந்தாறு அங்குலம் தாழ்த்திக் கட்டலாம். அல்லது பின்புற யுடிலிட்டியில் தாழ்வான தனி மேடை ஒன்று போட்டு, அங்கே ஒற்றை பர்னர் அடுப்பு வைக்கலாம். இரண்டுமே கொத்தனார் மேடை கட்டும் நாளில் முடிவாக வேண்டியவை. கடைக்காரரின் படத்தில் மேடை ஒரே மட்டமாக நீண்டு போகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த நேர்கோட்டுக்காக ஒரு பெண்ணின் தோளைக் கொடுக்கக் கூடாது.

பொதுவான உயரக் கணக்கும் இப்படியே. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 செ.மீ. அந்த உயரத்துக்கு மடக்கிய முழங்கை தரையிலிருந்து 95 செ.மீ. வாக்கில் இருக்கும். காய் நறுக்கவும் மாவு பிசையவும் மேடை அதைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். ஆகவே 80 முதல் 85 செ.மீ., அதாவது 32, 33 அங்குலம். ஐரோப்பிய அட்டவணையில் இருக்கும் 36 அங்குலம் இங்கே பொருந்தாது. மாமியாரும் மருமகளும் மாறி மாறிச் சமைக்கும் வீட்டில் குள்ளமானவரின் அளவையே எடுக்க வேண்டும். உயரமானவர் தடித்த பலகை ஒன்றைப் போட்டு உயர்த்திக்கொள்ளலாம். மேடையைத் தாழ்த்திக்கொள்ள யாராலும் முடியாது.

கிரைண்டர் அடுத்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தமிழ் வீட்டில் அது இல்லாத காலை இல்லை. மேசை மேல் வைக்கும் சிறிய வகைகூடப் பத்து கிலோ வாக்கில் எடை இருக்கும். அதைக் கீழ்ப் பெட்டிக்குள் ஒளித்து வைப்பது படத்துக்கு நன்றாக இருக்கும்; வாரம் இரண்டு முறை குனிந்து தூக்குபவரின் முதுகு தாங்காது. மேடையின் கடைசி ஓரத்தில், தொட்டிக்குப் பக்கத்தில், தனி பிளக் பாயின்டோடு அதற்கு நிரந்தர இடம் கொடுத்துவிட வேண்டும். பெட்டிக்குள்தான் வேண்டும் என்றால், அந்த எடையைத் தாங்கும் கனமான சானலில் வெளியே இழுபடும் தட்டு வேண்டும். சாதாரண டிராயர் சானல் சில மாதங்களில் தொங்கிவிடும்.

இந்தப் பக்கம் புளியும் மாங்காயும் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக வீட்டுக்குள் வருபவை. ஊறுகாய் ஜாடி, புளிப் பானை, 25 கிலோ அரிசி மூட்டை ஆகியவை எந்த அட்டவணை டிராயரிலும் அடங்காது. பழைய வீடுகளின் லாஃப்டையும் சிறு சாமான் அறையையும் மாடுலருக்காக இடித்துவிடுகிறவர்கள் ஆறு மாதத்தில் அரிசி மூட்டையைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் வைக்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; பல்லிலும் எலும்பிலும் அது செய்த கேடு தலைமுறைகளாகத் தெரிந்ததே. அதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆகவே இங்கே பல வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை: குடிக்கவும் சமைக்கவும் ஒன்று, கழுவப் போர்வெல் நீர் வேறு. குடிநீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்க வேண்டும். ஆனால் குடத்துக்கு இடம் விட்ட மாடுலர் படத்தை நான் பார்த்ததில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் கதவில்லாத ஓர் அறை, அடியில் கல், தண்ணீர் வடிய ஒரு சிறு சரிவு, இவ்வளவு போதும். ஆர்.ஓ. வைக்கும் வீட்டில் கழிவு நீர் போகத் தனிக் குழாயும் பூச்சுக்கு முன்பே சுவருக்குள் போக வேண்டும். பின்னால் போட்டால் அந்த மெல்லிய குழாய் தொட்டிக்குக் குறுக்கே தொங்கிக்கொண்டிருக்கும்.

போர்வெல் நீரின் உப்பு தொட்டியிலும் குழாயிலும் வெள்ளையாகப் படியும். தொட்டிக்கு அடியில் கசியும் ஒரு சொட்டு நீர் கீலைத் துருப்பிடிக்க வைக்கும். தொட்டி, கூடை எல்லாம் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு என்ற அளவில் இருக்கும். நிக்கலைக் குறைத்து விலை மலிவாக வரும் 202 தரம் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். உப்பு நீரில் விரைவாகப் புள்ளி விழுந்துவிடும்.

வாஸ்து பார்க்கும் வீடுகளே இங்கு அதிகம். அடுப்பு தென்கிழக்கில், சமைப்பவர் கிழக்கு நோக்கி, தொட்டி வடகிழக்கில் என்று மூன்று இடங்கள் முதலிலேயே நின்றுவிடும். நம்புகிறவர்களிடம் வாதாடுவதில் பொருளில்லை. அந்த மூன்றையும் நிலையாக வைத்துக்கொண்டு சிம்னி குழாய் எந்தச் சுவர் வழியாகப் போகும், ஜன்னல் எங்கே வரும் என்பதை வரைபடம் போடும்போதே தீர்த்துவிட்டால் போதும். கிழக்குச் சுவரில் அடுப்புக்கு நேர் மேலே ஜன்னல் வைத்துவிட்டுப் பிறகு சிம்னி கேட்டால், இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

சுவர் சொல்லும் அளவு

ஓசூர் நுட்பமான உற்பத்திக்குப் பேர்போன ஊர். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனின் கடிகாரத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது, டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், பிரஸ்டீஜ் குக்கர் செய்யும் டி.டி.கே. எல்லாம் அங்கே இருக்கின்றன. ஊத்தங்கரைக்குப் பக்கத்துப் போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை 2021-இல் எழுந்தது. ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் பற்றிக் கவலைப்படும் வேலையைப் பகலில் செய்துவிட்டு வருகிற இளைஞர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். அவர்களுடைய வீட்டுச் சுவரோ மேலிருந்து கீழே வருவதற்குள் முக்கால் அங்குலம் விலகியிருக்கும். இதில் கொத்தனாரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சுவர் தாங்க வேண்டிய வேலைக்கு அந்தத் துல்லியம் போதும். பெட்டிக்குத்தான் போதாது.

இயந்திரத்தில் அறுத்த பெட்டியின் நான்கு மூலையும் சரியான செங்கோணம். சுவரின் மூலை அப்படி இருப்பது அரிது. அளவெடுக்க வருபவர் டேப்பை ஒரு முறை நீட்டி ஓர் எண்ணை எழுதிக்கொண்டு போனால், அந்த வேலை அங்கேயே கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுவரையும் தரையில், மேடை மட்டத்தில், ஆறடி உயரத்தில் என்று மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மூன்றில் மிகக் குறைந்ததே பெட்டிக்கான அளவு. மூலைக்கு 3, 4, 5 அடிக் கணக்குப் பார்க்க வேண்டும்: ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, இரண்டுக்கும் குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. தூக்குக் குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் மூன்றும் நம் ஆசாரிகளின் கையில் தலைமுறைகளாக இருப்பவை. இன்று லேசர் மட்டம் வந்துவிட்டது. வேலை விரைவாகிறது, கேள்வி அதேதான்.

இன்னொரு பிழை அடிக்கடி நடக்கிறது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அளந்துவிடுகிறார்கள். டைல்ஸின் கனமும் அதற்கு அடியில் வரும் கலவையும் சேர்ந்தால் ஒரு பக்கத்துக்கு முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை போய்விடும். இரண்டு சுவருக்கு நடுவே அடங்க வேண்டிய பெட்டி வரிசைக்கு இது பெரிய இழப்பு. பெட்டி வந்திறங்கிய நாளில் பக்கப் பலகையைச் சீவ வேண்டியிருக்கும். சீவிய ஓரத்தில் விளிம்பு டேப் இல்லாததால் அங்கிருந்து ஈரம் ஏறும். ஆகவே முதல் அளவு வரைபடம் போட, இறுதி அளவு டைல்ஸ் முடிந்த பிறகு என்று இரண்டு முறை அளப்பது கட்டாயம். அப்போதும் பெட்டி வரிசையைச் சுவரின் நீளத்தைவிட ஓர் அங்குலம் குறைத்தே செய்து, மிஞ்சும் இடைவெளியைச் சுவரின் வளைவுக்கேற்ப இழைத்த ஒட்டுப் பலகையால் மூட வேண்டும். அந்த ஒட்டுப் பலகையை இழைப்பதில்தான் ஆசாரியின் கை தெரியும். இயந்திரம் செய்த பெட்டியை வீட்டோடு சேர்ப்பது அதுதான்.

சுவர் எதனால் கட்டியது என்பதையும் பார்க்க வேண்டும். செங்கல் சுவரில் திருகு நன்றாகப் பிடிக்கும். ஹாலோ பிளாக் சுவரில் துளை வெற்றிடத்துக்குள் போய்விடலாம். அதற்கு விரிந்து பிடிக்கும் தனி ஆங்கர் வேண்டும். பாத்திரம் நிறைந்த சுவர்ப் பெட்டி அடுப்பில் நிற்பவரின் தலைக்கு நேராகத் தொங்குவது என்பதை மறந்துவிடக் கூடாது. பூச்சு வேலையின்போதே அந்த வரிசையில் ஓட்டைகளைக் கான்கிரீட்டால் அடைத்துவிட்டால் கவலை இல்லை.

பலகையும் கல்லும்

பலகையில் நான்கு வகை சந்தையில் இருக்கின்றன: பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு, பி.வி.சி. அல்லது டபிள்யூ.பி.சி. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காடு வெட்டுவதைக் கட்டுப்படுத்திய பிறகு வடகிழக்கின் பிளைவுட் ஆலைகள் முடங்கின. தொழில் ஹரியானாவின் யமுனாநகருக்கும் கேரளத்தின் பெரும்பாவூருக்கும் நகர்ந்தது. இன்று நாம் வாங்கும் பிளைவுட் பெரும்பாலும் தோட்ட மரம்: பாப்லர், தைலமரம், ரப்பர் மரம். மரம் மெலிதாகிவிட்டதால் பசையின் தரமே பலகையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலையின் முத்திரை பெற்ற பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்து தேற வேண்டும், ஐ.எஸ். 303-இன் கீழ் வரும் பி.டபிள்யூ.ஆர். வகைக்கு 8 மணி நேரம். தண்ணீர் படும் பகுதிக்கு முன்னது, மற்ற இடத்துக்குப் பின்னது என்று பிரித்து வாங்கினால் செலவு அடங்கும். முத்திரைக்குக் கீழே இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய காரியம் இது; செய்பவர்கள் குறைவு.

பார்ட்டிகிள் போர்டு ஒரு முறை ஊறினால் உப்பிவிடும், மறுபடி அமராது. தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் நம் வீடுகளில் அதைக் கீழ்ப் பெட்டிக்குப் போடக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். பி.வி.சி. பலகையைக் கரையான் தொடாது, தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஆனால் அடுப்பின் வெப்பத்தில் வளையும். திருகு சில முறை கழற்றி மாட்டினால் பிடி தளரும்.

கல்லில்தான் இந்த மாவட்டம் மற்ற ஊர்களைவிட ஒரு படி மேலே நிற்கிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்தில் கிரானைட் வெட்டி மெருகேற்றும் ஆலைகள் நிறைய. ஊதாவும் இளஞ்சிவப்பும் அலையடிக்கும் பாரடைசோ இந்த மண்ணின் கல். ஏற்றுமதிக்கு என்று அறுத்ததில் மிஞ்சும் துண்டுகள் ஒரு சமையல் மேடைக்குத் தாராளமாகப் போதும். ஆலையிலேயே நேரில் போய், கல்லை நனைத்துப் பார்த்து எடுக்கலாம். நனைந்த இடம் வெகுநேரம் கறுத்தே இருந்தால் கல் நீர் உறிஞ்சுகிறது என்று பொருள்.

கடப்பா கல்லின் இடம் வேறு. அது சுண்ணாம்புக் கல். புளியும் எலுமிச்சையும் பட்டால் அதன் மெருகு போய்த் தழும்பு விழும். அதனால் மேடையின் மேற்பரப்புக்கு ஆகாது. ஆனால் மேடைக்கு அடியில் நிறுத்தும் தடுப்பாகவும் தட்டாகவும் அதற்கு ஈடு இல்லை. கரையான், ஈரம், அரிசி மூட்டையின் எடை எதற்கும் அசையாது. கடப்பா தடுப்பு வைத்த மேடையைப் பழைய காலத்து ஏற்பாடு என்று கடைக்காரர்கள் தள்ளிப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊத்தங்கரை வீட்டுக்குப் பொருத்தமானது கலப்பு ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன். மேலே உள்ளூர் கிரானைட். தொட்டிக்கு அடியிலும் குடம், சிலிண்டர் நிற்கும் இடத்திலும் கல் தடுப்பு. கரண்டி, தட்டு, மளிகை டப்பாக்கள் இருக்கும் நடுப்பகுதிக்கு மட்டும் தொழிற்சாலையில் செய்த இழுப்பறைப் பெட்டிகள். குனிந்து கைவிட்டுத் தேடும் வேலை இழுப்பறையால்தான் குறைகிறது. பணத்தை அங்கே போட வேண்டும். இந்த ஏற்பாட்டில் கொத்தனார் விடும் இடைவெளியும் தொழிற்சாலைப் பெட்டியின் அகலமும் ஒத்துப்போக வேண்டும். இருவரும் கல் நிறுத்துவதற்கு முன் ஒரு முறையாவது நேரில் பேசியிருக்க வேண்டும்.

குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல் இப்போது இங்கும் வருகிறது. அதில் பெரும்பகுதி குவார்ட்ஸ் தூள், மீதி பிசின். சூடான குக்கரை இறக்கி வைத்தால் பிசின் கருகித் தழும்பாகும். அதைவிடப் பெரிய கேடு அதை அறுப்பவருக்கு. அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுத்து சிலிக்கோசிஸ் நோயைக் கொடுப்பதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவுதான் குறைவு. தொட்டிக்குத் துளை போடும் இளைஞர் வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வறட்சியாக அறுப்பதைப் பார்க்கும் வீட்டுக்காரர், பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்ல வேண்டும். சரியான முகக்கவசமும் கேட்க வேண்டும். நம் வீட்டு மேடைக்காக அவருடைய மூச்சைக் கெடுப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

கேஸும் புகையும்

அழகுக்காகச் செய்யும் காரியம் ஆபத்தாக மாறுவது சிலிண்டர் விஷயத்தில்தான். நிரம்பிய 14.2 கிலோ சிலிண்டரின் மொத்த எடை ஏறக்குறைய 30 கிலோ. அதைத் தாங்கும் சக்கரத் தட்டோடு பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடிவிடுகிறார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் அறையின் அடிப்பகுதியில் காற்று போக வழி கட்டாயம் வேண்டும். அந்த அறைக்குள் எந்த சுவிட்சும் பிளக்கும் இருக்கக் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் சுரக்ஷா குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சிலிண்டரை வெளியே வைத்து உலோகக் குழாய் இழுப்பதே சிறந்தது. அதை ஏஜென்சி அனுப்பும் ஆளே செய்ய வேண்டும். மரவேலைக்காரரின் வேலை அல்ல.

சிம்னிக்கு ஆறு அங்குலக் குழாய் நேராக வெளியே போக வேண்டும். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். குழாயே இல்லாத வகை எண்ணெய்ப் பிசுக்கை ஓரளவு பிடித்துவிட்டு, வெப்பத்தையும் ஈரத்தையும் அறைக்குள்ளேயே விட்டுவிடும். தாளிப்பும் மிளகாய் வறுப்பும் நடக்கும் வீட்டுக்கு அது போதாது. பல வீடுகளுக்கு நல்ல ஜன்னலும் எதிர்ச் சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதுமானவை.

மாட்டும் நாட்கள்

பெட்டிகள் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். முதலில் தரையின் மிக உயர்ந்த புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சுவர் முழுக்க ஒரு மட்டக்கோடு போட வேண்டும். நம் வீட்டுச் சமையலறைத் தரை தண்ணீர் வடியச் சரிவாகவே போடப்பட்டிருக்கும். தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கினால் மறுமுனையில் பெட்டி தரையில் இடிக்கும். மூலைப் பெட்டியை முதலில் நிறுத்தி, காலைத் திருகி மட்டம் பார்த்து, அதிலிருந்து இரு பக்கமும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். கால்கள் நாலு அங்குல பிளாஸ்டிக் கால்களாக இருப்பது நல்லது. முன்னால் மூடும் பலகை கழற்றி மாட்டும்படி இருந்தால் அடியில் கழுவிவிடலாம், பூச்சி அண்டாது. சுவர்ப் பெட்டிகளைக் கீழ்ப் பெட்டிகளுக்கு முன்பே மாட்டிவிட்டால் நின்று வேலை செய்ய இடமிருக்கும், கீழே கீறலும் விழாது. குழாய்க்காகப் பின்பலகையில் அறுக்கும் ஒவ்வோர் ஓட்டையின் விளிம்பையும் சிலிகான் பூசி அடைக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். பலகை ஊறத் தொடங்குவதும் இங்கிருந்துதான்.

கதவுகள் கடைசி. கீலிலுள்ள திருகுகள் கதவை மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்தும். எல்லாக் கதவுகளுக்கும் நடுவே ஒரே இடைவெளி வரும்வரை பொறுமையாகத் திருப்ப வேண்டும். தொட்டியை நிறைத்து ஒரே மூச்சில் திறந்துவிட்டு அடியில் ஒரு காகிதத்தைப் போட்டுப் பார்த்தால் கசிவு தெரியும். கிரைண்டரையும் மிக்சியையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இழுப்பறைகளில் உண்மையான பாத்திரங்களை நிறைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகே கடைசித் தவணை.

பணக் கணக்கில் ஏமாற்றம் பெரும்பாலும் சதுர அடியில் நேர்கிறது. ஒருவர் முன்பக்கப் பரப்பை மட்டும் அளந்து விலை சொல்வார்; இன்னொருவர் கூடை, சானல், கைப்பிடி எல்லாம் சேர்த்துச் சொல்வார். இரண்டையும் எண்ணை வைத்து ஒப்பிட முடியாது. பெட்டி வாரியாக அளவு, பலகையின் ஐ.எஸ். எண், கனம், விளிம்பு டேப், கீல், சானல் ஆகியவற்றின் பெயர், கூடைகளின் எண்ணிக்கை என எல்லாம் எழுதிய படம் ஒன்றில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் இருந்தால், தகராறு வந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 50 லட்சம் வரை செலுத்திய வழக்குகளை அது விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தாள் இல்லாமல் வாய்ப்பேச்சில் கொடுத்த முன்பணத்துக்கு எங்கே போய் நிற்பது?

அதே தாளில் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். புது வீட்டின் சுவர் முதல் ஆண்டு முழுக்க ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை கொஞ்சம் உப்பும், கோடையில் சுருங்கும். சீராக நின்ற கதவுகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்த பிறகு, செய்தவர் ஒரு முறை வந்து எல்லாக் கீல்களையும் திருப்பி, சிலிகான் விட்ட இடங்களைப் பார்த்து, தொட்டிக்கு அடியில் கைவைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அந்த வருகைக்கான கூலியை முதல் விலையிலேயே சேர்த்துக் கொடுத்துவிடலாம். அன்றைக்குக் கீலின் திருகுகளைத் திருப்பும் விதத்தைச் சமைக்கும் பெண்ணுக்கும் காட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பத்து நிமிடமும் இருந்தால் போதும்.